நாங்கள் அளந்த மீன்கள்

ஆக்லாந்தின் மங்கரேயில் ஒரு மீன் தொழிற்சாலையில் நான் வேலைக்குச் சேர்ந்து இரண்டாவது கிழமை. ஓடிக்கொண்டிருந்த பெல்ட் திடீரென்று நின்றது. ஆபத்து நேரத்தில் மட்டும் அழுத்த வேண்டிய சிவப்புப் பொத்தானை யாரோ அழுத்தியிருந்தார்கள். யாருக்கோ விரல் போய்விட்டது என்று பயந்து, கத்திகளை வைத்துவிட்டு எல்லோரும் எட்டிப் பார்த்தோம். வரிசையின் தொடக்கத்தில் ஒரு குள்ளமான பெண் நின்றார். ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். ஒரு மீனைத் தலையிலும் வாலிலும் பிடித்து, விளக்குக்கு நேரே தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சூப்பர்வைசர் ஃபிஜியிலிருந்து வந்த இந்தியர், நல்ல மனிதர். அவர் ஓடி வந்தார். அந்தப் பெண் நிதானமான ஆங்கிலத்தில் சொன்னார்: பெட்டியில் தரக்கிஹி என்று எழுதியிருக்கிறது, ஆனால் இது அது இல்லை. அதே சாயலில் இருக்கும் வேறொரு மீன். கழுத்தில் இருக்கிற கறுப்புப் பட்டை இதில் செட்டை வரைக்கும் இறங்கியிருக்கிறது. பெட்டி முழுவதும் இப்படித்தான் இருக்க வேண்டும்.

“அப்படித்தான் நாங்கள் நினைக்கிறோம்” என்று முடித்தார்.

“நாங்கள் என்றால் யார் யார்?” என்று சூப்பர்வைசர் கேட்டார்.

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். அந்தப் பெண் சிரிக்கவில்லை. தனக்கு இரண்டு பக்கமும் ஒருமுறை திரும்பிப் பார்த்தார். பிறகு மீனைத் தனியாக ஒரு வாளியில் போட்டுவிட்டு அடுத்ததை எடுத்தார். மத்தியானத்துக்குள் அந்தப் பெட்டிகள் எல்லாவற்றுக்கும் வேறு பெயர் ஒட்டினார்கள். அவர் சொன்னது சரியாக இருந்தது. அதற்காக ஒருவரும் அவரிடம் வந்து ஒன்றும் சொல்லவில்லை.

தேநீர் இடைவேளையில் நான் போய்ப் பேச்சுக் கொடுத்தேன். அவரும் யாழ்ப்பாணத்துப் பக்கம்தான். கிளென் ஈடனில் என் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி இருந்தார். பஸ்ஸில் வருவதென்றால் அவருக்கு இரண்டு தரம் மாற வேண்டும். என்னிடம் ஒரு பழைய கொரோலா இருந்தது. அடுத்த நாளிலிருந்து நாலு வருடம் அதன் இடப்பக்க இருக்கை அவருடையதாக இருந்தது. நான் அவரை அக்கா என்று கூப்பிட்டேன். அவருக்கு நான் பிள்ளை.

அக்காவோடு போகும்போது அதிகம் கதை இருக்காது. சாப்பாட்டுப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு வெளியே பார்த்துக்கொண்டு வருவார். எதைப் பார்த்தாலும் மனதுக்குள் அளக்கிற பழக்கம் அவருக்கு இருந்தது. சந்தையில் கத்தரிக்காயை எடுத்தால் “பதினாலரை” என்று முணுமுணுப்பார். என் கணவர் நம்பாமல் ஒருநாள் அடிமட்டம் வைத்து அளந்து பார்த்தார். பதினாலரைதான். அக்காவுக்கு வெட்கமாகப் போய்விட்டது.

“பழகிப்போச்சு தம்பி. மூண்டு வருசம் நாங்கள் விடிஞ்சால் பொழுதுபட்டால் மீன்தான் அளந்தம்.”

அந்த ‘நாங்கள்’ எல்லாவற்றிலும் வரும். “நாங்கள் ஒரு பருப்புக் கறி வைச்சனாங்கள்” என்று சொல்லிக் கிண்ணத்தை நீட்டுவார். வீட்டில் அவரையும் கணவரையும் தவிர ஒருவரும் இல்லை. கணவரோ கரண்டி பிடிக்க முடியாத மனிதர். ஒரே மகள் கனடாவில் இருந்தாள். பிறகு எந்த ‘நாங்கள்’ பருப்பு வைத்தது என்று நான் யோசிப்பேன். கட்டிய மனைவி என்றால் இப்படித்தான் கதைக்க வேண்டும் என்று வளர்த்துவிட்டார்கள் போலிருக்கிறது என்று எனக்கு நானே ஒரு முடிவுக்கு வந்திருந்தேன். தன்னை முன்னுக்கு வைக்கத் தெரியாத பெண் என்று அவர்மேல் எனக்கு இரக்கமும் கொஞ்சம் எரிச்சலும் இருந்தன.

அவருடைய கதையைத் துண்டு துண்டாகத்தான் அறிந்தேன். கணவர் கொழும்பில் மீன்பிடித் திணைக்களத்தில் இருந்தவர். எழுபதுகளில் ஒப்பந்தத்தில் சாம்பியாவுக்குப் போனார். அங்கே கஃபூயே என்று ஒரு பெரிய ஆறு. மழை முடிந்ததும் அந்த ஆறு கரை தாண்டிப் போய், கண்ணுக்கு எட்டிய தூரம் வரை புல்வெளியை மூடிவிடுமாம். மீன்கள் எல்லாம் புல்லுக்குள் போய்க் குஞ்சு பொரித்து, தண்ணீர் வற்றும்போது திரும்பி ஆற்றுக்கு வருமாம். மேலே ஓர் அணை கட்டிக்கொண்டிருந்தார்கள். அணை வந்தால் வெள்ளத்தின் கணக்கு மாறிவிடும். அதற்கு முன்னால் எந்த மீன் எங்கே இருக்கிறது, எப்போது எங்கே போகிறது என்று எழுதி வைக்க வேண்டும். அதுதான் அவர் கணவருக்குக் கொடுத்த வேலை. அக்காவும் விலங்கியல் படித்தவர்தான். மனைவிக்கு வேலை தர ஒப்பந்தத்தில் இடமில்லை. அதனால் சும்மா கூடப் போனவராக மூன்று வருடம் ஆற்றங்கரைக் கூடாரத்தில் இருந்தார்.

அந்த ஆய்வறிக்கையை நான் பார்த்திருக்கிறேன். நீல அட்டை போட்ட தடித்த புத்தகம். அட்டையில் ஒரே ஒரு பெயர், கணவருடையது. நன்றி சொல்லும் பக்கத்தில் கடைசி வரியாக ‘என் மனைவியின் பொறுமைக்கும்’ என்று இருந்தது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“மீனை அளந்தது ஆர் அக்கா?”

“நாங்கள்தான்.”

“வயித்தை வெட்டி என்ன சாப்பிட்டிருக்கு எண்டு பார்த்தது?”

“நாங்கள்தான் பிள்ளை.”

“அண்ணையும் வெட்டினவரோ?”

“இவருக்கு அந்த மணம் ஒத்துவராது” என்று சொல்லிவிட்டு, இதில் என்ன இருக்கிறது என்பதுபோல என்னைப் பார்த்தார்.

பிறகு பல வருடம் லுசாக்காவில் இருந்தார்கள். ஒப்பந்தம் முடிந்தபோது ஊரில் சண்டை. திரும்பிப் போக முடியாமல் இங்கே வந்தார்கள். கணவரின் படிப்பை இங்கே ஒருவரும் கணக்கில் எடுக்கவில்லை. வந்த இரண்டாவது வருடம் அவருக்குப் பக்கவாதம் வந்து பேச்சும் வலது கையும் போய்விட்டன. அக்கா மீன் வெட்ட வந்தார். நாள் முழுக்கப் பனிக்கட்டித் தண்ணீரில் நிற்கிற வேலை. விரல்கள் கணுக்கணுவாக வீங்கத் தொடங்கியிருந்தன.

கிளென் ஈடனில் கடைகளுக்குப் பின்னால் ஓர் ஓடை போகும். சனிக்கிழமைகளில் சாமான் வாங்கிக்கொண்டு வரும்போது அக்கா அதன் நடைபாலத்தில் நிற்பார். குனிந்து பார்த்தால் என் கண்ணுக்கு அங்கே ஒன்றும் படாது. ஒரு சனிக்கிழமை இரண்டு இளம் வெள்ளைக்காரர்கள், ஓர் ஆணும் ஒரு பெண்ணும், முழங்கால் வரை சப்பாத்துப் போட்டு ஓடைக்குள் இறங்கி நின்றார்கள். வலைக்கூடுகளை எடுத்து எடுத்துப் பார்த்தார்கள். எல்லாவற்றிலும் விலாங்குதான். அக்கா பாலத்திலிருந்து சொன்னார்: கூட்டை நடு ஓட்டத்தில் வைத்தால் விலாங்குதான் வரும், சின்ன மீன்கள் அதோ அந்த வேர்களுக்குக் கீழே நிழலில் ஒதுங்கியிருக்கின்றன, வாயைக் கரைப் பக்கம் திருப்பி வையுங்கள்.

அடுத்த சனிக்கிழமை அந்தப் பெண் எங்களைத் தேடிக்கொண்டு கடைக்கே வந்துவிட்டாள். வேர்களுக்குக் கீழே வைத்த கூட்டில் கோக்கப்பு என்ற மீன் ஏழு கிடைத்ததாம். அந்த ஓடையில் அது இருப்பதே அவர்களுக்குத் தெரியாதாம். மனுகாவில் அவர்களுடைய அலுவலகம். ஆக்லாந்து ஓடைகளில் மீன் ஆய்வு செய்ய உதவியாளர் ஒருவரை எடுக்கப் போகிறார்கள். வந்து பேச முடியுமா என்று கேட்டாள்.

அக்காவைவிட நான்தான் துள்ளினேன். நேர்முகத்துக்கு முந்திய கிழமை முழுதும் காரில் பாடம் நடத்தினேன். “நாங்கள் எண்டு சொன்னால் அவங்கள் உங்கடை மனுசன் செய்தது எண்டுதான் நினைப்பாங்கள். ‘நான் வலை போட்டன். நான் அளந்தன். நான் அட்டவணை போட்டன்.’ சொல்லுங்கோ பாப்பம்.” அவர் வாயைத் திறப்பார். ஆங்கிலத்தில் ‘ஐ’ என்ற ஓர் எழுத்து வரும். அதற்கு மேல் முள் சிக்கியதுபோல நின்றுவிடும். மங்கரே வரும் வரைக்கும் அந்த ஓர் எழுத்துத்தான்.

அன்றைக்கு மனுகாவில் கார் நிறுத்துமிடத்தில் ஒரு மணித்தியாலம் காத்திருந்தேன்.

“எப்பிடிப் போச்சு அக்கா?”

“நல்ல பிள்ளையள். தேத்தண்ணி தந்தவை.”

“என்ன கேட்டவை?”

“நீங்கள் தனிய என்ன செய்தனீங்கள் எண்டு கேட்டவை.”

“நீங்கள் என்ன சொன்னனீங்கள்?”

“நாங்கள் செய்ததைச் சொன்னம்.”

நான் ஸ்டியரிங்கில் தலையை வைத்துக்கொண்டேன்.

ஆனாலும் அவர்கள் அவரை விட்டுவிடவில்லை. மூன்றாம் நாள் அந்தப் பெண் போன் எடுத்தாள். எல்லோருக்கும் பிடித்திருக்கிறது, ஒரே ஒரு சிக்கல்தான். அறிக்கையில் பெயர் இல்லாதபடியால், வேலையில் இவருடைய பங்கு என்ன என்று தெரிந்த ஒருவர் எழுத்தில் தர வேண்டும். அடுத்த வெள்ளிக்கிழமைக்குள் தந்தால் போதும்.

தெரிந்த ஒருவர் அந்த வீட்டிலேயே நாற்காலியில் இருந்தார். கடிதத்தை நானே தயாரித்தேன். ‘இந்த அறிக்கையில் உள்ள மீன்களை இனம்கண்டது, அளந்தது, அட்டவணைப்படுத்தியது எல்லாம் என் மனைவி தனியாகச் செய்தவை’ என்று எழுதி, நூலகத்துக் கணினியில் அச்சடித்தேன். அக்கா மருந்துக் கடைக்குப் போன நேரம் பார்த்து அவர் கணவரிடம் கொண்டுபோனேன்.

பெரிய உடம்புக்காரர். ஒரு காலத்தில் அக்கரையில் நிற்பவனுக்குக் கேட்கிற குரல் என்று அக்கா சொல்வார். இப்போது வலது கை மடியில் யாரோ வைத்துவிட்டுப் போன பொருள்போலக் கிடந்தது. கேட்டால் எல்லாம் விளங்கும், சொல்ல வராது. சண்டைக்குத் தயாராகத்தான் போயிருந்தேன்.

“அண்ணை, வாசிக்கிறன் கேளுங்கோ. இதிலை பொய் இருந்தால் தலையை ஆட்டுங்கோ. இல்லையெண்டால் கையெழுத்துப் போடுங்கோ.”

வாசித்து முடிக்கும்போது அவர் கண்களை மூடியிருந்தார். இமையின் ஓரத்தால் தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. பிறகு இடது கையை நீட்டிப் பேனையை வாங்கினார். முதலாம் வகுப்புப் பிள்ளைபோல, ஒவ்வோர் எழுத்தாக, ஐந்து நிமிடம் எடுத்துத் தன் பெயரை எழுதினார். நான் எதிர்பார்த்த சண்டை நடக்கவில்லை. கேட்பதற்கு யாராவது வரட்டும் என்று இத்தனை காலம் காத்திருந்தவர்போல இருந்தது.

கடிதத்தை எடுக்கப் போனபோது என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

“சி… சி…” என்றார்.

எனக்கு விளங்கவில்லை. மறுபடியும் முகமெல்லாம் கோணி, “சி… மூ…” என்றார். அவசரமாகப் போக வேண்டுமாக்கும் என்று நினைத்து, கட்டிலுக்குக் கீழே இருந்த மூத்திரப் போத்தலை எடுத்துக் கொடுத்தேன். அதைத் தட்டிவிட்டார். தலையை அடித்து அடித்து ஆட்டினார். “வெக்கப்படாதேங்கோ அண்ணை, நானும் தங்கச்சி மாதிரித்தானே” என்று சொல்லிப் போர்வையைச் சரி செய்தேன். அவர் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார்.

அக்கா வந்ததும் வாசலிலேயே கடிதத்தைக் கொடுத்தேன். தோளில் பையோடு நின்றபடி வாசித்தார். ஒரு சொல்லில் விரலை வைத்தார்.

“தனியவோ?”

“ஓம். தனியத்தானே செய்தனீங்கள்?”

“இதுவும் பொய் பிள்ளை.”

எனக்கு நிதானம் போய்விட்டது. “உங்கடை மனுசனே கையெழுத்து வைச்சிட்டார். இன்னும் எவ்வளவு காலத்துக்கு அவருக்குப் பின்னாலை ஒளிஞ்சு நிக்கப்போறியள்?”

“ஆர் சொன்னது அவருக்குப் பின்னாலை எண்டு?”

குசினிக்குள் போய் அடுப்புக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார். பையைக்கூடக் கழற்றவில்லை. அன்றைக்குத்தான் சொன்னார்.

அங்கே ஒரு படகோட்டி இருந்தானாம். அந்த ஆற்றிலேயே பிறந்து மீன் பிடித்தவன். முப்பத்தைந்து வயது. பள்ளிக்கூடம் போகாதவன்.

“முதல் வருசம் ரெண்டு சாதித் திலாப்பியாக் குஞ்சுகளை நாங்கள் ஒண்டெண்டு எழுதிப்போட்டம். சின்னனிலை ரெண்டும் ஒரேமாதிரித்தான் இருக்கும். அவன் பாத்துச் சிரிச்சான். எங்களை இடுப்புத் தண்ணிக்குள்ளை கூட்டிக்கொண்டுபோய், காலாலை தடவிப் பார் எண்டான். ஒரு சாதி மண்ணிலை கிண்ணம் மாதிரிக் குழி தோண்டும். மற்றது மண்ணைக் குவிச்சு அதுக்கு மேலை கூடு கட்டும். கண்ணாலை பாக்கேலாத கலங்கல் தண்ணி. அவன்ரை காலுக்குத் தெரியும். ரெண்டு கூட்டுக்கும் பக்கத்திலை, வாய்க்குள்ளை குஞ்சு வைச்சிருக்கிற தாய் மீனைப் பிடிச்சுத் தந்தான். அதுகளை வளர்த்துப் பாத்துத்தான் குஞ்சுகளைப் பிரிச்சறியிற அட்டவணை போட்டது. அந்தப் புத்தகத்திலை எல்லாரும் மெச்சினது அதைத்தான்.”

“அப்ப அவன்ரை பேரையும் போட்டிருக்கலாமே?”

அக்கா மேசையில் ஒட்டியிருந்த ஒரு பருக்கையை நகத்தால் சுரண்டினார்.

“கடைசி வெள்ளம். இவர் லுசாக்காவுக்குப் போயிட்டார். மற்றப் படகுக்காரனுக்குக் காய்ச்சல். ஒரு வாய்க்காலுக்குள்ளை நீர்யானை குட்டியோடை நிக்குது, அந்த வலையை ரெண்டு நாள் கழிச்சு எடுப்பம் எண்டு அவன் சொன்னவன். படகிலை ரெண்டு பேர் போகவேணும் எண்டது சட்டம். அந்த ஒரு வலை இல்லாட்டில் அந்த மாதத்தின்ரை அட்டவணையிலை ஓட்டை விழும். நான் சொன்னன், அதையும் எடுத்துக்கொண்டு வா எண்டு. நான்தான் அனுப்பினன்.”

அவரோடு பழகிய இத்தனை காலத்தில் அவர் வாயிலிருந்து அந்தச் சொல்லை அன்றைக்குத்தான் கேட்டேன்.

படகு இரண்டு துண்டாக வந்ததாம். அவன் மூன்றாம் நாள்தான் கரை ஒதுங்கினானாம்.

“பேரைப் போட்டால் எப்பிடிச் செத்தவன் எண்டும் எழுதவேணும், ஏன் தனியப் போனவன் எண்டு கேப்பினம், எல்லாத்தையும் இழுத்து மூடுவினம், விடு எண்டு இவர் சொன்னார். டைப் அடிச்சது நான். பேர் வரவேண்டிய இடத்திலை கையை வைச்சுக்கொண்டு கன நேரம் இருந்தன். பிறகு அடுத்த வரியை அடிச்சன். என்ரை பேர் இல்லாதது எனக்கு ஒண்டுமில்லை பிள்ளை. அவன்ரை பேரை விட்டது நான். இப்ப நான் தனியச் செய்தன் எண்டு ஒரு கடிதம் குடுத்தால், நான் ஆர்?”

“அவருக்கு என்ன பேர் அக்கா?”

“சிமூக்கா.”

போத்தலை எடுத்துக் கொடுத்ததைச் சொன்னேன். சி என்றதையும் மூ என்றதையும், அவர் தட்டிவிட்டதையும், சுவர்ப்பக்கம் திரும்பியதையும் சொன்னேன். அக்கா எழும்பி அறைக்குள் போனார். நான் குசினியிலேயே நின்றேன்.

“சிமூக்காவோ? சிமூக்காவையோ சொன்னனீங்கள்?” என்று அவர் கேட்பது கேட்டது.

அதற்கு வந்த சத்தத்தை எழுத எனக்குத் தெரியாது. அந்த ஆற்றங்கரையை விட்டு வந்த பிறகு அவர்கள் இருவரும் தங்களுக்குள் ஒருநாளும் சொல்லிக்கொள்ளாத பெயர் அது என்று அக்கா பிறகு சொன்னார்.

வியாழக்கிழமை அவர் தன் கையால் வேறொரு கடிதம் எழுதி, கணவரிடம் கையெழுத்து வாங்கி, காரில் என்னிடம் வாசிக்கத் தந்தார். மீன்களை அறிந்தவன் சிமூக்கா, அவற்றை அளந்து எழுதியவர் அக்கா, ஆய்வை நடத்தியவர் கணவர் என்று இருந்தது. அவன் எப்படி இறந்தான், யார் அனுப்பியது என்றும் இருந்தது.

“அக்கா, அவருடைய பேர் இருக்கட்டும். செத்த கதையை மட்டும் எடுத்துவிடுங்கோ. ஆரும் கேக்கப் போறதில்லை. இந்த வேலை கிடைச்சால் உங்கடை கையாவது மிஞ்சும்.”

அவர் கடிதத்தை மடித்தார். “இவரும் இப்பிடித்தான் சொன்னவர்” என்றார். கோபமில்லாமல்தான் சொன்னார். நான் காரை எடுத்தேன்.

இரண்டு கிழமையில் பதில் வந்தது. வேறொருவரைத் தெரிவு செய்திருக்கிறோம், ஆர்வத்துக்கு நன்றி. அந்தப் பெண் தனியாகப் போன் எடுத்து, அக்காவின் கடிதத்தை அலுவலகத்தில் எல்லோரும் வாசித்ததாகச் சொன்னாளாம். அக்கா திங்கட்கிழமை வழக்கம்போல என் காருக்கு வந்தார். நான் ஒரு கிழமை அவரோடு சரியாக முகம் கொடுத்துப் பேசவில்லை. அவர்மேல் கோபம் என்றுதான் அப்போது நினைத்தேன். என்மேல் எனக்கிருந்த கோபம்தான் அது என்று தெரிய நாளெடுத்தது.

அடுத்த குளிர்காலம் கணவர் போய்விட்டார். நெஞ்சில் சளி கட்டி, மூன்று நாள்தான். கிளென் ஈடன் சுடலையில் பத்துப் பேர் நின்றோம், மழை பெய்துகொண்டிருந்தது. முப்பத்தோராம் நாள் சடங்கு முடிந்த அடுத்த நாள் அக்கா சாம்பியாவுக்கு ஒரு கடிதம் எழுதினார். அந்த ஆற்றுப்பக்கத்து மீன்பிடி அலுவலகத்துக்கு. சிமூக்கா இருந்த படகுத்துறையின் பெயரைக் குறிப்பிட்டு, நடந்ததை முழுக்க எழுதி, அறிக்கையின் பிரதி அங்கே இருந்தால் அதில் இந்தப் பக்கத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று கேட்டிருந்தார். எட்டு மாதம் ஒரு பதிலும் இல்லை. இதற்கிடையில் விரல்கள் மடங்காமல் போக, சூப்பர்வைசர் அவரைக் கத்தியிலிருந்து எடுத்துப் பெட்டிக்குப் பெயர் ஒட்டுகிற இடத்தில் விட்டார்.

ஒருநாள் காலை காரில் ஏறியதும் ஓர் உறையை என் மடியில் வைத்தார். தொழிற்சாலைக்குப் போய் நிறுத்திவிட்டு வாசித்தேன். இளம் அதிகாரி ஒருவர் கையால் எழுதியிருந்தார். அக்காவின் பக்கத்தை அறிக்கையில் ஒட்டிவிட்டார். வேலை விஷயமாக அந்தத் துறைக்குப் போனபோது சிமூக்காவின் மனைவியைக் கண்டுபிடித்து, முழுக் கடிதத்தையும் அவருடைய மொழியில் வாசித்துக் காட்டியிருக்கிறார். யார் அனுப்பியது என்பதையும் சேர்த்து அந்த அம்மா கடைசி வரைக்கும் கேட்டுக்கொண்டிருந்தாராம். வாசித்து முடிந்ததும் ஒன்றே ஒன்றுதான் கேட்டிருக்கிறார். அவர்களிடம் அவருடைய படம் ஏதும் இருக்கிறதா? பிள்ளைகளுக்கு அப்பாவின் முகம் தெரியாது.

அந்தச் சனிக்கிழமை அக்காவின் வீட்டு நிலத்தில் மூன்று அட்டைப்பெட்டிகளைக் கவிழ்த்துப்போட்டு உட்கார்ந்தோம். நூற்றுக்கணக்கான கறுப்பு வெள்ளைப் படங்கள். ஒவ்வொன்றிலும் ஒரு மீன், கீழே ஓர் அளவுகோல். மீனைத் தலையிலும் வாலிலும் பிடித்தபடி இரண்டு கைகள். மெலிந்த நீண்ட விரல்கள். இடது பெருவிரல் நகம் நடுவில் பிளந்திருந்தது. ஒரு படத்தில் முழங்கால் இருந்தது. ஒரு படத்தில் தொப்பியோடு நிழல் தண்ணீரில் விழுந்திருந்தது. பின்னேரம் வரை தேடினோம். முகம் ஒன்றிலும் இல்லை.

“கமரா ஆர் அக்கா பிடிச்சது?”

“நான்தான்.” மடியில் கிடந்த படத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னார். “மீன் முழுக்க வருதோ எண்டு மட்டும்தான் பாத்தனான்.”

அடுத்த வருடம் அவர் மகளிடம் கனடாவுக்குப் போய்விட்டார். கொஞ்ச நாள் போன் கதைத்தோம், பிறகு அதுவும் நின்றது. அங்கேயே காலமானார் என்று மிகவும் பிந்தித்தான் கேள்விப்பட்டேன். அந்தப் படங்கள் சிமூக்காவின் மனைவி கையில் சேர்ந்தனவா, கைகளைப் பார்த்து அவர் கணவரை அறிந்துகொண்டாரா என்பது எனக்குத் தெரியாது. அனுப்பிய நாள் மட்டும் நன்றாக நினைவிருக்கிறது.

கைகள் தெளிவாகத் தெரிகிற படங்களை மட்டும் பொறுக்கி, தடித்த உறையில் போட்டு, கிளென் ஈடன் தபால் கந்தோருக்குக் கொண்டுபோனோம். கவுண்டரில் நின்ற பெண் வெளிநாட்டுக்குப் போவதென்றால் பச்சைப் படிவம் நிரப்ப வேண்டும், உள்ளே என்ன இருக்கிறது என்று எழுதுங்கள் என்றாள். பின்னால் ஆறேழு பேர் வரிசையில் நின்றார்கள். அக்கா வீங்கிய விரல்களுக்குள் பேனையைச் சொருகிக்கொண்டு, ஆங்கிலத்தில் ‘மீன்களின் படங்கள்’ என்று எழுதினார். எழுதிவிட்டு அதையே பார்த்துக்கொண்டு நின்றார். நான் உறையை நகர்த்தப் போனேன். அவர் என் கையைத் தடுத்தார். ‘மீன்களின்’ என்ற சொல்லை ஒரு கோட்டால் வெட்டிவிட்டு, அதற்கு மேலே, சின்ன எழுத்தில், ‘ஒரு மனிதனின்’ என்று எழுதிக் கொடுத்தார்.